வேலூர்த் தெருக்களில் ஒரு வைரஸின் கணக்கு: ககன்தீப் காங் செய்த வேலை

2019-இல் ககன்தீப் காங்கின் பெயர் நாடெங்கும் செய்தித்தாள்களில் வந்தது. விஞ்ஞானிகளின் சங்கமான லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்திருந்தது. 1660-இல் தொடங்கிய அந்தச் சங்கத்தின் 359 ஆண்டு வரலாற்றில், இந்தியாவில் இருந்தபடியே ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண்ணுக்கு அந்த இடம் கிடைத்தது அதுவே முதல்முறை. ‘முதல் இந்தியப் பெண்’ என்று பல செய்திகள் எழுதின. இந்தியாவில் பிறந்து பிரிட்டனில் பணியாற்றிய பிரதிபா கை 2016-லேயே உறுப்பினராகிவிட்டார் என்பதால் அது அவ்வளவு சரியில்லை. ஆனால் ‘இந்தியாவில் இருந்தபடியே’ என்பதற்கு ஒரு தனிக் கனம் உண்டு. காங் செய்த முக்கியமான வேலையை வேறு ஊரில் உட்கார்ந்து செய்திருக்க முடியாது. குழந்தைகளுக்குக் கடும் பேதி உண்டாக்கும் ரோட்டா வைரஸைப் பற்றிய ஆராய்ச்சி அது; வேலூரில், அதிலும் கஸ்பா, ராமநாயக்கன்பாளையம், சின்னஅல்லாபுரம் ஆகிய மூன்று பகுதிகளின் வீடுகளில் நடந்த வேலை.

வெளியூர்க்காரர்களுக்கு வேலூர் என்றால் சிஎம்சி என்னும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. காட்பாடியில் ரயில் நின்றதும் கையில் ஃபைலும் ஸ்கேன் கவருமாக இறங்கும் வங்காளக் குடும்பங்கள், காந்தி ரோட்டு லாட்ஜுகள், விடிகாலையிலேயே நீளும் ஓ.பி. வரிசை. அந்த ஆஸ்பத்திரியை எல்லோருக்கும் தெரியும். அதற்குள் இருக்கும் ஆய்வுக்கூடங்களை, அங்கே நம் தெருக் குழந்தைகளைப் பற்றி என்ன கண்டுபிடித்தார்கள் என்பதை, வேலூர்க்காரர்களிலேயே மிகச் சிலர்தான் கேட்டிருப்பார்கள். காங்கின் ஆய்வு முடிவுகள் உலக அளவில் தடுப்பு மருந்துக் கொள்கை பேசப்படும் இடங்களுக்கெல்லாம் போயின. அவை எங்கிருந்து கிளம்பினவோ அந்தத் தெருக்களுக்குத் தமிழில் வந்து சேரவில்லை. இந்தக் கட்டுரையை எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். 1962 நவம்பர் 3 அன்று சிம்லாவில் பிறந்தவர். அப்பா ரயில்வேயில் இயந்திரப் பொறியாளர், அதனால் குடும்பம் ஊர் ஊராக மாறிக்கொண்டே இருந்தது. அம்மா ஆங்கிலமும் வரலாறும் கற்பித்த ஆசிரியை. மருத்துவம் படிக்க வேலூர் வந்தார். 1987-இல் எம்.பி.பி.எஸ்., 1991-இல் நுண்ணுயிரியலில் எம்.டி., 1998-இல் பி.எச்டி. எல்லாமே சிஎம்சியில். அப்புறம் அமெரிக்காவின் ஹூஸ்டனில் உள்ள பேய்லர் மருத்துவக் கல்லூரியில் மேரி எஸ்டெஸ் என்ற வைரஸ் ஆய்வாளரிடம் பயிற்சி பெற்றார். அங்கேயே தங்கிவிட வாய்ப்புள்ள வயது. திரும்பி வேலூருக்கே வந்தார்.

மாணவியாக அவர் வந்து சேர்ந்த இடத்தின் பின்னணியும் இந்தக் கதையில் ஒரு பாத்திரம். அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை அது. 1918-இல் அவர் அங்கே பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பள்ளியைத் திறந்தார். ஆண்கள் அங்கே படிக்க வந்தது 1947-இல்தான். நாட்டின் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளில் பெண்கள் ஒதுக்கப்பட்ட சில இருக்கைகளில் உட்கார்ந்திருந்த காலத்தில், இங்கே இருக்கை முழுக்க அவர்களுடையது. விரிவுரையாளராக, துறைத் தலைவராக, ஆய்வாளராக ஒரு பெண் இருப்பது அந்த வளாகத்தில் புதுமை இல்லை. பல தலைமுறைப் பெண்கள் போட்டு வைத்த பாதையில்தான் காங் நடந்தார் என்று சொல்வது அவர் பெருமையைக் குறைக்காது.

இன்னொரு பாரம்பரியமும் அங்கே இருந்தது: நம் ஊர்க் குழந்தையின் உடம்பை நம் ஊரிலேயே அளந்து பார்ப்பது. அதற்கு முன்னோடி சிஎம்சியின் வைரஸ் ஆய்வாளர் டி. ஜேக்கப் ஜான். போலியோ சொட்டு மருந்து மேலைநாட்டுக் குழந்தைகளுக்கு மூன்று முறை கொடுத்தால் ஏறக்குறைய எல்லோருக்கும் எதிர்ப்பு சக்தி வந்துவிடும். 1970-களில் அவர் வேலூர்க் குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தபோது, மூன்று முறை கொடுத்த பிறகும் கணிசமானவர்களுக்கு அது வரவில்லை. மருந்து கெட்டுப் போய்விட்டதோ என்றுதான் பலரும் முதலில் சந்தேகப்பட்டார்கள். அப்படி இல்லை. அதே மருந்து, வேறு குடல். இந்த முடிவை ஏற்க வெளியுலகம் நிறைய காலம் எடுத்துக்கொண்டது. ஒரே நாளில் எல்லாக் குழந்தைகளுக்கும் திரும்பத் திரும்பச் சொட்டு போடும் முறை அந்தப் புரிதலிலிருந்துதான் வந்தது. 1986-இல் சென்னையில் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி செல்லப்பன் நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள் ரயிலேறி வந்து, இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாக உறுதியானதும் இதே சிஎம்சி ஆய்வுக்கூடத்தில்தான். அது தனியாக எழுத வேண்டிய கதை.

பேதி என்னும் பழைய எதிரி

கைக்குழந்தைக்கு வாந்தியும் பேதியும் வந்தால் நம் வீடுகளில் காரணம் சொல்லப் பஞ்சமே இல்லை. பல் முளைக்கிறது, மாந்தம், குடலேற்றம், தாய் எதையோ தின்றுவிட்டாள். குடல் தட்டுகிறவரிடமோ தொக்கம் எடுக்கிறவரிடமோ தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அந்த ஓட்டத்தில் ஒரு நாள் போனாலே சின்னக் குழந்தைக்கு ஆபத்து. கண் குழிந்து, உச்சி அமுங்கி, அழுதால் கண்ணீர் வராத நிலைக்கு ஒரே பகலில் வந்துவிடும். அறியாமை என்று அந்தத் தாய்மாரைத் திட்டுவது எனக்கு உடன்பாடில்லை. 1973 வரை, குழந்தைகளின் கடும் பேதியில் பெரும்பகுதிக்கு என்ன காரணம் என்பது உலகத்தின் பெரிய மருத்துவர்களுக்கே தெரியாது.

அந்த ஆண்டு ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ரூத் பிஷப் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும், பேதியால் படுத்திருந்த குழந்தைகளின் சிறுகுடல் திசுவைத் துளியாக எடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். செல்களுக்குள் வட்ட வட்டமாக வைரஸ் நிரம்பியிருந்தது. பார்க்கச் சக்கரம் போல இருந்ததால் பின்னர் ரோட்டா வைரஸ் என்று பெயர் வந்தது. சிறுகுடலின் உள்சுவரில் உணவை உறிஞ்சுவதற்கென்று இருக்கும் விரல் போன்ற முனைகளை அது தாக்குகிறது. முனைகள் சிதைந்தால் தண்ணீரும் உப்பும் உள்ளே போகாமல் வெளியேறும். அது மட்டும் இல்லை. அந்த வைரஸின் ஒரு புரதமே நஞ்சு போல வேலை செய்து குடலிலிருந்து நீரை வெளியே தள்ளுகிறது. 1996-இல் இதைக் கண்டுபிடித்துச் சொன்னது, பின்னாளில் காங்கைப் பயிற்றுவித்த மேரி எஸ்டெஸின் ஆய்வுக்கூடம்.

ரோட்டாவிடம் ஒரு வினோதம். காலராவும் டைபாய்டும் குழாய்த் தண்ணீரும் சாக்கடையும் சரியான ஊர்களை விட்டுப் போய்விட்டன. ரோட்டா போகவில்லை. தடுப்பு மருந்து வருவதற்கு முன்னால் அமெரிக்காவானாலும் ஆம்பூரானாலும் ஐந்து வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைக்கும் அது ஒரு முறையாவது வந்துவிடும். மிகக் கொஞ்சம் வைரஸ் போதும். கை, பொம்மை, தரை எதன் வழியாகவும் பரவும். வேறுபாடு எங்கே என்றால் சாவில்தான். அங்கே குழந்தைக்கு உடனே குளுக்கோஸ் ஏற்றப்படும். இங்கே ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் நேரம் கடந்துவிடும். உப்பு சர்க்கரைக் கரைசல் அருமையான மருந்து, கோடிக்கணக்கான உயிரைக் காத்தது. ஆனால் ரோட்டாவில் பேதிக்கு முன்பே வாந்தி தொடங்கிவிடுவதால் கொடுக்கக் கொடுக்கக் கக்கும் குழந்தைக்கு வீட்டில் அதைப் புகட்டுவது லேசான காரியம் இல்லை. அதனால்தான் தண்ணீரையும் சுகாதாரத்தையும் மட்டும் நம்பியிருக்காமல் தடுப்பு மருந்து வேண்டும் என்ற வாதம் எழுந்தது.

இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் ஆண்டுக்கு எத்தனை பேர் ரோட்டாவால் இறக்கிறார்கள் என்பதற்கு, காங் உள்ளிட்டோர் சேர்ந்து திரட்டிய மதிப்பீடு 2014-இல் வெளியானது: சுமார் 78,500 இறப்புகள், 8,72,000 ஆஸ்பத்திரி அனுமதிகள். 2005-இல் தொடங்கிய நாடு தழுவிய கண்காணிப்பு வலைப்பின்னலில், பேதிக்காக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 39% பேருக்கு ரோட்டா இருந்தது தெரிந்தது. இந்த எண்கள் கையில் கிடைக்கும் வரை பேதி என்பது அரசாங்கக் கோப்புகளில் ஒரு பொத்தாம் பொதுவான சாவுக் காரணம்.

452 குழந்தைகள், மூன்று ஆண்டுகள்

இனி வருவது என் கணிப்பில் காங்கின் வாழ்நாள் வேலையின் நடுத்தண்டு. 2002 வாக்கில் வேலூரின் அந்த மூன்று பகுதிகளில் பிறந்த 452 குழந்தைகளை அவரது குழு பிறந்த நாளிலிருந்தே தொடர்ந்தது. நெருக்கமான வீடுகள், பீடி சுற்றும் பெண்கள் நிறைந்த தெருக்கள், சில நாளுக்கு ஒரு முறை வரும் குழாய்த் தண்ணீர். களப்பணியாளர்கள் வாரம் இருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போனார்கள். குழந்தை நன்றாக இருந்தாலும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மலம் சேகரித்தார்கள். பேதி வந்தால் அப்போதும் எடுத்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்தம். 373 குழந்தைகள் மூன்று ஆண்டுகளையும் நிறைவு செய்தார்கள்.

இதை வாசிக்க ஒரு நிமிடம் ஆகிறது. செய்து பார்ப்பதை யோசியுங்கள். ஒரு குழந்தைக்கு எழுபதுக்கும் மேற்பட்ட மாதிரிகள். ஒவ்வொன்றும் ஒரு தாய் எடுத்து வைத்துக் கொடுத்தது. பீடி இலை வெட்டிக்கொண்டோ தண்ணீர் வரிசையில் நின்றுகொண்டோ இருக்கும் பெண்ணிடம், உடம்புக்கு ஒன்றுமில்லாத குழந்தையின் மலத்தை எடுத்து வையம்மா என்று மூன்று ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அவளும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அம்மா வீட்டுக்குப் போன குழந்தை, வீடு மாறிய குடும்பம், ‘போதும், இனி வராதீங்க’ என்று சொல்லக்கூடிய மாமியார், இத்தனையையும் தாண்டி 373 பேர் நின்றார்கள் என்றால், அது களப்பணியாளர்களும் அந்தத் தாய்மாரும் சேர்ந்து சாதித்தது. ஆய்விதழில் வரும் பெயர்ப் பட்டியலில் அந்தத் தாய்மார் இல்லை. இருந்திருக்க வேண்டும் என்பேன்.

2011-இல் வெளிவந்த முடிவுகள் பலரையும் உலுக்கின. ஏன் என்று புரிய, அதற்கு முந்தைய கதை வேண்டும். 1996-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக மெக்ஸிகோவில் 200 குழந்தைகளை இதே மாதிரி பின்தொடர்ந்திருந்தார்கள். அங்கே ஒரு முறை ரோட்டா வந்துபோனால் அடுத்த கடும் நோயிலிருந்து 87% பாதுகாப்பு. இரண்டு முறை வந்துவிட்டால் 100%. தடுப்பு மருந்து தயாரிப்பவர்கள் இந்தக் கணக்கைத்தான் நம்பினார்கள். மருந்து என்பது பலவீனமாக்கிய வைரஸ். இரண்டு மூன்று முறை வாயில் விட்டால், இரண்டு மூன்று முறை இயற்கையாகத் தொற்று வந்ததற்குச் சமம். அப்புறம் குழந்தைக்குப் பயமில்லை.

வேலூரில் அப்படி இல்லை. ஆறு மாதத்துக்குள்ளேயே 56% குழந்தைகளுக்குத் தொற்று வந்துவிட்டது. ஒரு முறை வந்தவர்களுக்கே மறுபடியும் மறுபடியும் வந்தது. பதிவான தொற்றுகளில் முதல்முறைத் தொற்று என்பது சுமார் 30% மட்டுமே. மூன்று முறை வந்துபோன பிறகும் மிதமான, கடுமையான நோயிலிருந்து கிடைத்த பாதுகாப்பு 79%தான். இன்ன வகை வைரஸ் வந்தால் அதே வகைக்கு எதிராகத் தனிப் பாதுகாப்பு கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பும் பொய்த்தது. சிஎம்சியின் பிறந்த குழந்தைகள் வார்டில் அப்போது சுற்றிக்கொண்டிருந்த ஒரு ரோட்டா வகையை அவர் குழு தனியாக ஆராய்ந்தது. பிறந்த சில நாளில் அந்த வகை தொற்றியிருந்த குழந்தைகளுக்குப் பின்னாளில் அதனால் எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை.

இயற்கையே மூன்று முறை பாடம் நடத்தியும் 79% தான் என்றால், பலவீனமாக்கிய மருந்து எவ்வளவு கொடுத்துவிடும்? இந்தியாவில் எந்த வாய்வழி ரோட்டா மருந்து வந்தாலும் மேலைநாடுகளில் கிடைத்த 85%, 95% பலன் இங்கே வராது என்பதை மருந்து வருவதற்கு முன்பே சொல்லிவிட்டது இந்த ஆய்வு. ஆப்பிரிக்காவிலும் அதே போக்குதான். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் மருந்து மலாவியில் சோதிக்கப்பட்டபோது 49% பலன்தான் தந்தது.

பாதிப் பலன் போதுமா?

இந்தியா தனக்கென்று உருவாக்கிய மருந்து ரோட்டாவேக். அதன் மூல வைரஸ் 116இ, 1980-களின் நடுவில் டெல்லி எய்ம்ஸில் பிறந்த குழந்தை ஒன்றிடமிருந்து எம்.கே. பான் குழுவினர் பிரித்தெடுத்தது. ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் தயாரிக்க, அமெரிக்க, இந்திய அரசு அமைப்புகளும் அறக்கட்டளைகளும் துணை நிற்க, மூன்றாம் கட்டச் சோதனை டெல்லி, புனே அருகே ஒரு பகுதி, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்தது. வேலூர்ப் பகுதிக்குப் பொறுப்பு காங்கின் குழு. கடும் ரோட்டா பேதியைத் தடுப்பதில் முதல் ஆண்டில் 56.4% பலன். இரண்டாம் ஆண்டையும் சேர்த்துப் பார்த்தால் சுமார் 55%.

55% என்று கேட்டதும் முகம் சுளித்தவர்கள் உண்டு. பாதிதான் வேலை செய்யும் மருந்தை ஏன் அரசு கொடுக்க வேண்டும்? இங்கேதான் காங்கின் பல ஆண்டு எண்ணிக்கைக்குப் பயன் வந்தது. நோய் அரிதாக உள்ள நாட்டில் 95% பலன் காப்பாற்றும் உயிர்கள் சொற்பம். நோய் கொட்டிக் கிடக்கும் நாட்டில் 55% பலன் காப்பாற்றும் உயிர்கள் ஆயிரக்கணக்கில். அந்த 78,500 என்ற எண்ணை வைத்தே ஒரு தோராயக் கணக்குப் போடலாம்: எல்லாக் குழந்தைக்கும் மருந்து போய்ச் சேர்ந்து, இறப்பிலும் அதே 55% குறைந்தால், ஆண்டுக்கு 43,000 குழந்தைகள் பிழைப்பார்கள். நடைமுறையில் இவ்வளவு நேராக இருக்காது. ஆனால் பாதிப் பலன் என்று ஒதுக்கித் தள்ள முடியாத அளவு அது என்பதைப் பார்க்கலாம்.

ஆட்சேபணையும் எழுந்தது. அதை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மை ஆகாது. 1999-இல் அமெரிக்காவில் ஒரு பழைய ரோட்டா மருந்து, குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் செருகிக்கொள்ளும் கோளாறை அதிகப்படுத்தியதால் திரும்பப் பெறப்பட்டது. ரோட்டாவேக் சோதனையில் அந்தக் கோளாறு எத்தனை பேருக்கு வந்தது என்பதை மூன்று இடங்களுக்கும் தனித்தனியாக, குறிப்பாக வேலூருக்கு, வெளியிட வேண்டும் என்று சில மருத்துவர்களும் ஆர்வலர்களும் கேட்டார்கள். விவகாரம் நீதிமன்றம் வரை போனது. தன் ஊர்க் குழந்தைகளுக்குக் கொடுக்கப்படும் மருந்தைப் பற்றிக் கேள்வி கேட்க யாருக்கும் உரிமை உண்டு. அந்தக் கேள்வி கேட்கப்பட்டது நல்லதே. மருந்து பரவலான பிறகு நாட்டின் பல ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே கண்காணிப்பு நடந்தது. காங்கும் பங்கேற்ற அந்த ஆய்வின் முடிவு 2020-இல் வந்தது: மருந்துக்கும் அந்தக் கோளாறுக்கும் தொடர்பு தென்படவில்லை. சந்தேகத்துக்கு அதைவிட நல்ல பதில் இல்லை.

2016 மார்ச்சில் ஒடிசா, இமாச்சலப் பிரதேசம், ஹரியானா, ஆந்திரா ஆகிய நான்கு மாநிலங்களில் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா மருந்து சேர்ந்தது. தமிழ்நாட்டுக்கு 2017-இல் வந்தது. 2019-க்குள் நாடு முழுவதும். இன்று குழந்தை பிறந்த 6, 10, 14 வாரங்களில் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அங்கன்வாடியிலோ நர்ஸம்மா போலியோ சொட்டோடு சேர்த்து வாயில் விடும் இன்னொரு மருந்து இதுதான். பல தாய்மாருக்கு அதுவும் ‘சொட்டு மருந்து’தான். நடைமுறையில் கிடைத்த பலன் என்ன? பல மாநிலங்களின் ஆஸ்பத்திரிகளில் சில ஆண்டுகள் பார்த்ததில், பேதியோடு சேர்க்கப்பட்ட குழந்தைகளில் ரோட்டா இருப்பவர்களின் பங்கு சுமார் 40%-லிருந்து 20%-ஆக இறங்கியிருந்தது. மருந்தின் பலன் 54%. சோதனையில் சொன்ன எண்ணும் தெருவில் கிடைத்த எண்ணும் இவ்வளவு நெருக்கமாக ஒத்துப்போவது அபூர்வம்.

குடல் ஏன் ஒத்துழைப்பதில்லை?

பாதிப் பலனோடு திருப்தியடைந்து நின்றிருந்தால் காங்கைப் பற்றி எழுத இவ்வளவு இருந்திருக்காது. மீதிப் பாதி ஏன் வரவில்லை என்ற கேள்வியை அவர் விடவில்லை. வேலூரிலும் டெல்லியிலும் அவரும் கூட்டாளிகளும் ஒவ்வொரு சந்தேகத்தையும் எடுத்துச் சோதித்தார்கள். இதில் பெரும்பாலானவை தோல்வியில் முடிந்தன. அந்தத் தோல்விகளையும் ஒளிக்காமல் வெளியிட்டது, என்னைக் கேட்டால், விருதுகளைவிட மதிக்கத்தக்க விஷயம்.

தாய்ப்பாலில் உள்ள எதிர்ப்புப் பொருள்கள் மருந்து வைரஸைக் கொன்றுவிடுகின்றனவா? மருந்து கொடுக்கும் நேரத்தில் கொஞ்சம் பால் கொடுக்காமல் நிறுத்திப் பார்த்தார்கள். பயன் இல்லை. வேலூர்த் தாய்மாருக்கு இதில் ஒரு நிம்மதி: சொட்டு போட்ட கையோடு பால் கொடுக்கலாம். முறைகளைக் கூட்டினால்? மூன்றுக்குப் பதில் ஐந்து முறை கொடுத்தும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. துத்தநாகமும் நல்ல பாக்டீரியாவும் சேர்த்துக் கொடுத்தால்? கொஞ்சமே கொஞ்சம் ஏறியது. குடலில் ஏற்கனவே குடியிருக்கும் கிருமிகள் இடம் தராமல் தடுக்கின்றனவா? போலியோ சொட்டுக்கு முன்னால் அசித்ரோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கொடுத்துப் பார்த்த வேலூர்ச் சோதனையில் கிருமிகள் குறைந்தன. எதிர்ப்பு சக்தி கூடவில்லை.

பின்னர் வேலூர், மலாவி, இங்கிலாந்து ஆகிய மூன்று இடங்களின் குழந்தைகளை ஒரே முறையில் ஒப்பிட்டார்கள். கருவிலேயே தாயிடமிருந்து குழந்தைக்கு வரும் எதிர்ப்புப் பொருள் அதிகமாக இருந்தால் மருந்து குறைவாகவே பிடிக்கிறது என்பது அதில் தெளிவானது. வாழ்நாள் முழுக்க ரோட்டாவோடு பழகிய தாய், தன் குழந்தையைக் காக்கக் கொடுத்தனுப்பும் பொருளே மருந்துக்குக் குறுக்கே நிற்கிறது. சின்ன வயதிலிருந்தே ஓயாமல் கிருமிகளோடு போராடிச் சோர்ந்துபோன குடல் சுவரும் இதில் ஒரு காரணமாகலாம். ஒற்றைச் சாவியால் திறக்கும் பூட்டு அல்ல இது.

தண்ணீர்

வேலூரைப் பற்றி எழுதிவிட்டுத் தண்ணீரைத் தொடாமல் போக முடியாது. நீரில்லாத ஆறு என்று ஊரே சொல்லும் பாலாற்றங்கரையில் இருக்கிறோம். குழாயில் தண்ணீர் வரும் நாளில் வீட்டிலுள்ள அத்தனை பாத்திரத்திலும் பிடித்து வைத்து அடுத்த முறை வரும் வரை ஓட்ட வேண்டும். காங்கும் சேர்ந்து செய்த ஒரு பழைய ஆய்வு இதைத்தான் பார்த்தது. நகரின் சில பத்து வீடுகளில் பிடித்து வைத்த தண்ணீரைப் பல நாள் தொடர்ந்து சோதித்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு வீடுகளில் நாளாக ஆகக் கிருமி பெருகியது. பித்தளைப் பாத்திரத்தில் வைத்திருந்த வீடுகளில் மட்டும் மாசு குறைவு. பாட்டி வைத்துவிட்டுப் போன பித்தளைத் தவலையை எடைக்குப் போட்டுவிட்டு பிளாஸ்டிக் குடத்துக்கு மாறிய நம் வீடுகள் இதைத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

ஆனால் நல்ல தண்ணீர் கொடுத்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா என்பதற்கும் அவர் குழு விடை தேடியது. கேன் தண்ணீர் குடிக்கும் குழந்தைகளையும் நகராட்சித் தண்ணீர் குடிக்கும் குழந்தைகளையும் வேலூரில் ஒப்பிட்டார்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணியும் பேதியும் இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒன்றுதான். தெருவில் திறந்த சாக்கடை இருக்கும்போது, குடிக்கும் தண்ணீரை மட்டும் சுத்தம் செய்து குழந்தையைப் பிரித்துக் காப்பாற்ற முடியாது. கேன் தண்ணீர் வாங்கிவிட்டால் தன் பொறுப்பு தீர்ந்தது என்று நினைக்கும் குடும்பங்களுக்கும், சாக்கடையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும் நிர்வாகங்களுக்கும் அந்த முடிவில் சேதி இருக்கிறது.

டைபாய்டு ஆய்வும் இதே பக்கம்தான் கைகாட்டியது. காங் முன்னின்று நடத்திய அந்த ஆய்வில் டெல்லி, கொல்கத்தா, வேலூர் நகரப் பகுதிகளும், புனே அருகே ஒரு கிராமப் பகுதியும் இருந்தன. நகரப் பகுதிகளில் ஆண்டுக்கு லட்சம் குழந்தைகளுக்கு 576 முதல் 1,173 பேர் வரை டைபாய்டு கண்டது. கிராமப் பகுதியில் 35. டைபாய்டு இப்போதெல்லாம் குறைந்துவிட்டது என்று நாம் பேசிக்கொண்டிருந்தபோது நம் நகரங்களின் நிலை இது. ரோட்டாவுக்கு மருந்து கிடைத்ததால் சாக்கடையை மறந்துவிடலாம் என்று காங்கின் வேலையிலிருந்து யாராவது முடிவெடுத்தால், அதைத் தலைகீழாகப் படித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பதவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2016-இல் இன்ஃபோசிஸ் பரிசு. அதே ஆண்டு ஃபரீதாபாத்தில் உள்ள மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இயக்குநராகப் போய், 2020-இல் விலகி வேலூருக்கே திரும்பினார். கொரோனா காலத்தில் தொலைக்காட்சி விவாதங்களில் பலர் தெரிந்தது தெரியாததையெல்லாம் பேசியபோது, இது தெரியும், இது இன்னும் தெரியாது என்று பிரித்துச் சொன்ன சில குரல்களில் அவருடையது ஒன்று. 2023-இல் கேட்ஸ் அறக்கட்டளையில் குடல் நோய்களுக்கான பொறுப்பை ஏற்றார்.

வேலூரில் அவர் விட்டுச் சென்றது ஒரு பழக்கம். ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து, வீடு வீடாகக் கணக்கெடுத்து, அங்குள்ளவர்களின் நம்பிக்கையைப் பெற்று, பல ஆண்டு பின்தொடர்வது. எட்டு நாடுகள் கலந்துகொண்ட குழந்தை வளர்ச்சி ஆய்வில் இந்தியாவின் இடமாக வேலூர் இருந்ததற்கும், ஊர் முழுக்கக் குடற்புழு மருந்து கொடுத்துப் பார்க்கும் பெரிய ஆய்வு திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் நடந்ததற்கும் அந்தப் பழக்கமே அடிப்படை. அவரிடம் பயின்ற ஆண்களும் பெண்களும் இன்று அந்த ஆய்வுகளை நடத்துகிறார்கள். ஒரு குறை மட்டும் எனக்கு உறுத்துகிறது. இத்தனை ஆண்டு மாதிரி கொடுத்த கஸ்பாவுக்கும் சின்னஅல்லாபுரத்துக்கும், உங்கள் குழந்தைகளிடமிருந்து இதைக் கற்றோம் என்று நாலு பக்கத்தில் தமிழிலும் உருதிலும் ஒரு சிறு நூல் போட்டு வீட்டுக்கு வீடு கொடுக்க வேண்டும். அந்த முதல் குழந்தைகள் இப்போது இருபது வயதைத் தாண்டியவர்கள். அவர்களில் சிலர் தங்கள் பிள்ளைக்கே சொட்டு மருந்து போடத் தூக்கிப் போயிருக்கக் கூடும்.

ஆராய்ச்சியில் இன்னும் முடியாத பகுதியும் உண்டு. வாய்வழி மருந்துக்குக் குடல் ஒத்துழைக்கவில்லை என்றால் ஊசியாகப் போடலாமே என்று ஒரு மருந்தை ஆப்பிரிக்காவில் சோதித்தார்கள். வாய்வழி மருந்தைவிட மேலாக இல்லாததால் அந்தச் சோதனை பாதியில் நின்றது. இன்னொரு வழி, குழந்தை பிறந்த சில நாளிலேயே முதல் சொட்டைக் கொடுத்துவிடுவது. மெல்போர்னில் ரூத் பிஷப் காலத்தில் பச்சிளம் குழந்தைகளிடம் கண்டெடுத்த ஒரு வைரஸிலிருந்து உருவான மருந்தை இந்தோனேசியாவில் அப்படிக் கொடுத்தபோது, ஒன்றரை வயது வரை 75% பலன் கிடைத்தது. வேலூரிலோ, பிறந்ததும் வார்டில் தொற்றிய வைரஸ் எந்தப் பாதுகாப்பும் தரவில்லை என்று பார்த்தோம். அப்படியானால் பிறந்த உடன் கொடுக்கும் சொட்டு இங்கே பலிக்குமா, பலிக்காதா? இரண்டு வைரஸும் வேறு வகை என்பதால் இந்தோனேசியாவை வைத்தும் சொல்ல முடியாது, பழைய வேலூர்க் கணக்கை வைத்தும் சொல்ல முடியாது. இங்கே பிறக்கும் குழந்தைகளிடம் கொடுத்து, வாரம் இருமுறை வீட்டுக்குப் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.